கவரேஜ் இல்லாத மலையும் கரையோரத்து உம்மாமாரும்: எந்த சிம் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு

போன வருசம் நாங்கள் அஞ்சு பேர் மடுல்சீமைக்குப் போனோம். கல்முனையிலிருந்து அம்பாறை, உகண, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிக்கொண்டே போகிற பாதை. அங்கே தோட்டங்களுக்கு அப்பால் 'சின்ன உலக முடிவு' என்று ஒரு பாறை விளிம்பு இருக்கிறது. கிழக்கே பார்த்தால் மலை சட்டென்று முடிந்து, கீழே சமவெளி கடலை நோக்கிப் போகும். தெளிவான காலையில் குளங்கள் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். அந்தத் திசையில்தான் நம்மட ஊர்.

விளிம்புக்குப் போவதற்கு முன் ஒரு பள்ளத்தில் இறங்கி வழிதவறி, கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் சுற்றினோம். அஞ்சு பேரிடமும் ஒரே கம்பனியின் சிம். பெயர் வேண்டாம், எந்தக் கம்பனியாக இருந்திருந்தாலும் அந்தப் பள்ளத்தில் அதே கதைதான் ஆகியிருக்கலாம். ஒரு கோடுகூட இல்லை. பின்னேரம் விளிம்புக்கு ஏறினதும் அஞ்சு போனும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. எங்களில் ஒருத்தியின் போனில் மட்டும் 31 மிஸ்ட் கோல். எல்லாம் அவளின் உம்மா. திருப்பி எடுத்தபோது உம்மா ஏசவில்லை. "உசுரோட இரிக்கயா மகள்?" என்று மட்டும் கேட்டா. பிறகு அழுதா.

அந்த உம்மாவின் தங்கச்சி 2004 டிசம்பர் 26 இல் கடலோடு போனவ. அன்றும் போன் அடித்து அடித்துப் பார்த்தார்களாம். நம்மட கரையில் போன் எடுபடாமல் போவதற்கு வேறொரு அர்த்தம் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸுக்குள் நாங்கள் பேசிக்கொண்டது முழுக்க இதைத்தான்: மலைக்குப் போகிறவன் எந்த சிம் எடுக்க வேண்டும்? பதில் தேடத் தொடங்கினால் அது எங்களை வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கலைப்பீடத்துக்காரரிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

இலங்கையில் முதல் தந்திக் கம்பி 1858 இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் இழுக்கப்பட்டது. காலியில்தான் அப்போது கப்பல்கள் வந்து நிற்கும். வியாபாரச் செய்தி வேகமாகப் போகவேண்டிய இடத்துக்கு முதலில் கம்பி போனது. இந்த ஒழுங்கு 160 வருசத்துக்கு மேலாகியும் பெரிதாக மாறவில்லை என்பதுதான் எங்களுடைய வாதம். பணம் இருக்கிற இடத்துக்கும் அதிகாரம் இருக்கிற இடத்துக்கும் முதலில் போகும். மீதிப்பேர் வரிசையில் நிற்க வேண்டும்.

கைப்பேசி வந்த கதையும் அதேதான். 1989 இல் செல்டெல் என்ற கம்பனி இலங்கையில் சேவை தொடங்கியது. தெற்காசியாவிலேயே முதல் கைப்பேசி வலையமைப்பு அது. இந்தியாவுக்குக்கூட 1995 இல்தான் வந்தது. பெருமைப்படலாம். ஆனால் 1989 இல், 1990 இல் நம்மட பக்கம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், 12 ஏறாவூர். கொழும்பில் ஒருவர் காருக்குள் இருந்து போன் பேசிய அதே காலத்தில் இங்கே அடுத்த ஊருக்குப் போன ஆள் திரும்பி வந்தாரா என்று அறிய ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு 1993 இல் மொபிடெல், 1995 இல் டயலொக். டயலொக்தான் ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. இன்று நாங்கள் 'சிம்' என்று சொல்கிற அட்டையே அந்த முறையோடு வந்ததுதான். கோல்லிங்க் என்று தொடங்கிய இன்னொன்று கைமாறி, பிறகு ஹச் ஆனது. செல்டெல் பிறகு டிகோ ஆகி, எடிசலாட் ஆகி, 2018 இல் ஹச்சோடு சேர்ந்துவிட்டது. 2009 தொடக்கத்தில் எயார்டெல் வந்தது, 2024 இல் டயலொக்குக்குள் போனது. அஞ்சு கம்பனி இருந்த இடத்தில் இன்று மூன்று. 072 நம்பர் வைத்திருக்கிற மாமாவிடம் "நீங்க எந்தக் கம்பனி?" என்று கேட்டால் அவர் சொல்கிற பதிலிலிருந்து அவர் எந்தக் காலத்தில் சிம் எடுத்தார் என்று சொல்லிவிடலாம்.

நம்மட வீடுகளில் கைப்பேசி ஒரு சாதாரணப் பொருளானது 2002 பெப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். அதுவரைக்கும் 'கொமினிகேசன்' கடைதான் எல்லாம். சவூதியிலும் கட்டாரிலும் இருக்கிற வாப்பாமாரோடு பேச உம்மாமார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, சுவரில் ஓடுகிற மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். பேசுவதைவிட மீட்டரைப் பார்ப்பதே அதிகம் என்று ஒரு உம்மா எங்களிடம் சொன்னா. அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைக்காலம். வீட்டு மேசையில் அன்டெனா நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பியில்லாத போன். சன்டெல், லங்கா பெல், டெலிகொம் மூன்றும் இதை விற்றன. எங்களுடைய சின்ன வயசு ஞாபகத்தில் அந்தப் போனை ஜன்னலோரமாக வைத்து, "அசைக்காத, கவரேஜ் போயிரும்" என்று ஏசுகிற குரல் இருக்கிறது. கவரேஜ் என்ற சொல்லை நாங்கள் கற்றது மலையில் இல்லை, அந்த ஜன்னலில்.

ஒரு விசயத்தை இங்கே சொல்ல வேண்டும். 'தொலைதூர இடத்துக்கு எந்த சிம் நல்லம்?' என்று இந்தப் பகுதியில் முதன்முதலாக யோசித்தவர்கள் மலை ஏறுகிற பொடியன்மார் இல்லை. வட்டைக்காரர்கள். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்கள் ஒரு நீளமான ஒடுக்கமான கீலம். கிழக்கே கடல், மேற்கே வயல். வீடு கரையில், வயல் பல மைல் உள்ளே. கதிர் முத்துகிற காலத்தில் யானைக் காவலுக்கு வாடியில் படுக்க வேண்டும். அங்கே எந்த டவர் எட்டும் என்பது அவர்களுக்கு வசதிப் பிரச்சினை இல்லை. யானை வந்தால் அடுத்த வாடிக்காரனை எழுப்ப வேண்டும், அடிபட்டால் ட்ரக்டர் கூப்பிட வேண்டும். எங்களில் ஒருவனின் வாப்பா இன்றைக்கும் ரெண்டு போன் வைத்திருக்கிறார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வட்டைக்கு. ஏன் என்று கேட்டால், "அங்க இதுதான் எடுக்கும் மனே" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஆய்வு. அதே மாதிரி ஆழ்கடலுக்குப் போகிற சாய்ந்தமருது மீனவர்களுக்கும் கரை எவ்வளவு தூரம் வரை போனில் தெரியும், எங்கே அறுந்துபோகும் என்பது அத்துப்படி.

சரி, சுனாமிக்கு வருவோம். தவிர்க்க முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. இலங்கை நேரம் காலை 6.58 க்கு சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. நம்மட கரைக்கு அலை வந்தபோது எட்டரை மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள், இலங்கையிலேயே அதிகம். தென்மேற்கே பெரலியவில் ரயிலை அலை அடித்தது ஒன்பதரை மணியளவில். அதாவது மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அழிந்த பிறகு, அந்த ரயிலை நிறுத்த ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் இருந்தது. நாட்டில் அப்போது கைப்பேசிக் கம்பனிகள் நாலு. இருந்தும் செய்தி கடக்கவில்லை. ஹவாயில் இருந்த பசுபிக் சுனாமி நிலையத்துக்கு அதிர்வு தெரிந்திருந்தது, இந்து சமுத்திர நாடுகளில் யாருக்கு எடுத்துச் சொல்வது என்ற ஏற்பாடுதான் இருக்கவில்லை. எங்களுக்கு இதில் உறைத்தது இதுதான்: டவர் இருப்பது வேறு, யாருக்கு எடுப்பது என்று தெரிந்திருப்பது வேறு. மலைக்குப் போகிறவனுக்கும் இது பொருந்தும். பிறகு சொல்கிறோம்.

2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது, 117 என்ற நம்பர் வந்தது. 2009 இல் டயலொக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கைப்பேசி வழியாக எச்சரிக்கை அனுப்பும் ஒரு வலையமைப்பைத் தொடங்கின. கரையோரத்தில் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் எழும்பின. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் மறுபடி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோரம் முழுக்க ஓடினோம். எங்களுக்கு அப்போது எட்டு ஒன்பது வயசு. ட்ரக்டர்களில், சைக்கிளில், வெறுங்காலில் மேற்கே வயல் பக்கம். ஓடும்போது எல்லார் காதிலும் போன். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தால் அப்படித்தான். டவருக்கு ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய கோல்களுக்கு ஒரு எல்லை உண்டு. குறுஞ்செய்தி மட்டும் பிந்திப் பிந்தி வந்தது. அன்று அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இனி மலை ஏன் இப்படி என்று பார்ப்போம். இதில் எங்களுக்குப் பாடம் எடுத்தது பொறியியல் பீடத்து மச்சான் ஒருத்தன்.

ரேடியோ அலை பெரும்பாலும் நேராகப் போகும். மலை குறுக்கே வந்தால் அதன் பின்னால் நிழல் விழும், வெயில் மாதிரியே. கம்பனிகள் டவர் கட்டுவது சனம் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான். கரையோரம் அவர்களுக்குச் சொர்க்கம்: மட்டமான நிலம், நெருக்கமான சனம், ஒரு டவருக்கு ஆயிரக்கணக்கான ரீலோட். மலையகத்தில் பாதையோரமும் டவுனும் கவனிக்கப்படும், தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்து லயன்கள் நிழலுக்குள் கிடக்கும். அதனால்தான் நாங்கள் பள்ளத்தில் ஊமையாகிப்போனோம், விளிம்பில் பேச முடிந்தது. விளிம்பில் நின்றபோது எங்களுக்குக் கிடைத்தது பக்கத்து டவராக இல்லாமல் கீழே சமவெளியில் எங்கோ இருந்த ஒன்றாகவும் இருக்கலாம்.

கல்முனை டவராக இருக்குமோ என்று ஒருத்தன் ஆசையாகக் கேட்டான். இருக்காது. பழைய ஜிஎஸ்எம் முறையில் சாதாரண டவருக்கும் போனுக்கும் இடையில் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், சிக்னல் பலமாக எட்டினாலும் பேச முடியாது. போனின் குரல் டவரை வந்தடைய எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் அந்த முறை வேலை செய்கிறது, அந்தக் கணக்கு அந்தத் தூரத்தோடு முடிகிறது. விளிம்பிலிருந்து கல்முனை நேர்கோட்டிலேயே அதைவிட எவ்வளவோ தூரம். உச்சியில் நாலு கோடு காட்டியும் கோல் எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அலைவரிசையும் முக்கியம். 900 மெகாஹெட்ஸ் தூரம் போகும், காடு மேட்டை ஓரளவு சமாளிக்கும். 1800, 2100 அவ்வளவு போகாது, ஆனால் டேட்டாவை அதிகம் சுமக்கும். ஆகவே டவுனில் யூடியூப் பறக்கிற சிம்தான் மலையிலும் நல்ல சிம் என்று நினைப்பது பிழை. நாங்கள் சிம் தெரிந்தது எல்லாம் டேட்டா பெக்கேஜ் விலையைப் பார்த்து. அதற்கும் முன்னால் நம்மட வாப்பாமார் தெரிந்தது, சொந்தக்காரர் எல்லாம் எந்தக் கம்பனி என்று பார்த்து, ஒரே கம்பனிக்குள் கோல் மலிவு என்பதால். ஒரு குடும்பம், ஒரு தெரு, சில நேரம் ஒரு ஊரே ஒரே கம்பனி ஆனது அப்படித்தான். எங்கள் அஞ்சு பேர் கையிலும் ஒரே சிம் இருந்ததன் வரலாற்றுக் காரணமும் அதுவே.

மலையில் சிக்னல் தேடி ஏறுவது எல்லாருக்கும் பொழுதுபோக்கு இல்லை என்பதையும் பதிந்து வைக்க வேண்டும். கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடியபோது, பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காகக் காட்டுக்குள்ளால் நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி 2021 இல் வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது. லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் மரத்தில் கட்டிய பரணில் இருந்து படித்தார்கள். நாங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து படம் எடுத்துக்கொண்டு போன அதே லுணுகலை. ஆயிரம் வருசம் போனாலும் கரையோரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிற கோடு தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்காது என்று அந்த நேரம் ஒருத்தன் எழுதியிருந்தான். கோபத்தில் கொஞ்சம் கூட்டித்தான் எழுதினான், ஆனாலும் நாங்கள் அதை அழிக்கச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டவர் இருந்தும் ஊமையாக்கப்பட்ட நாட்கள். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை டவுனில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்ற பொய்யை ஒரு போன் வீடியோ சுமந்துகொண்டு போனது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் திகன. மார்ச் 7 இல் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் தடைசெய்யப்பட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்தன. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் அப்படியே. வதந்தியை நிறுத்தத்தான் தடுத்தார்கள், சரி. ஆனால் கண்டியில் படித்துக்கொண்டிருந்த நம்மட பிள்ளைகளின் வீடுகளில் அந்த இரவுகள் எப்படிப் போயின என்று கேட்டுப் பாருங்கள்.

மலைக்குப் போகிற முஸ்லிம் பொடியன்மாருக்கு இது வெறும் பழங்கதை இல்லை. 2019 ஜனவரியில் எங்கட தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர், ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல தாதுகோபத்தின் மேல் ஏறி எடுத்த படம் பேஸ்புக்கில் பரவியதால் கைதானார்கள். படம் எடுக்கும்போது அந்த இடம் என்னவென்று விளங்கியிருக்க வேண்டும், அது அவர்களுடைய பிழைதான். ஆனால் அன்றிலிருந்து எங்கட வீடுகளில் மலை என்றாலே ரெண்டு பயம். கவரேஜ் இல்லாமல் போய்விடுமோ என்று ஒன்று. கவரேஜ் இருந்து எதையாவது போட்டுவிடுவோமோ என்று மற்றது. நம்மட மாவட்டத்து மலைகளில் பல, ரஜகல மாதிரி, தொல்பொருள் இடங்கள். போனை எடுக்க முதல் கீழே கிடக்கிற கல் என்னவென்று பார்க்க வேண்டும்.

இனி, கேட்ட கேள்விக்குப் பதில். 'இந்தக் கம்பனிதான்' என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள். இன்று இருப்பது டயலொக், மொபிடெல், ஹச். ஒரு கம்பனியின் சிம் மற்றக் கம்பனியின் டவரைச் சாதாரணமாகப் பிடிக்காது. ஆகவே குழுவாகப் போனால் ஆளுக்கொரு கம்பனி, தனியே போனால் ரெண்டு சிம் போடுகிற போன். வட்டைக்கார வாப்பாவின் முறைதான். எயார்டெல் இப்போது டயலொக்கின் கைக்குள் என்பதால் 075 உம் 077 உம் ரெண்டு கம்பனி என்று கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள்.

எது எங்கே எடுக்கும் என்பதற்குக் கம்பனியின் வரைபடத்தைவிட நல்ல ஆதாரம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறோம்: மலையடிவாரத்துக் கடைசிக் கடை. அங்கே எந்தக் கம்பனியின் ரீலோட் அதிகம் விற்கிறது என்று முதலாளியிடம் கேளுங்கள். அங்கே வாழ்கிற சனம் எடுபடாத சிம்முக்குக் காசு கொட்டமாட்டார்கள். மடுல்சீமையில் நாங்கள் பிளேன்ரீ குடித்த கடையில் இதைக் கேட்டிருந்தால் ஒரு சிம்மாவது மாற்றிக்கொண்டு போயிருப்போம். கடை அம்மா பிறகு சொன்னா, "இதெல்லாம் இங்க வேல செய்யாது தம்பி, யாரும் கேக்கலியே."

பள்ளத்தில் போனை விமானப் பயன்முறையில் போட்டுவையுங்கள். இல்லாத டவரைத் தேடித் தேடி பெற்றரி செத்துவிடும், எங்களில் மூன்று பேருக்கு அதுதான் நடந்தது. வரைபடத்தை ஊரிலேயே இறக்கிவிடுங்கள். கோல் போகாத இடத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி சில நேரம் நழுவிப் போய்விடும். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்தம் 117, இந்த மூன்றையும் எழுதி வைக்காமல் மனப்பாடமாக்குங்கள். ஜிஎஸ்எம் விதிப்படி 112 என்பது அவசர நம்பர், கிடைக்கிற எந்த வலையமைப்பிலும் போக முயற்சிக்கும். 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்க் இலங்கையில் இருக்கிறது. அந்தத் தட்டையும் பெற்றரியையும் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறுகிற வசதியும் காசும் எங்களிடம் இல்லை.

முக்கியமானது, பெரலிய ரயிலிடமிருந்து படித்தது. கவரேஜ் அறுகிற இடத்துக்கு முன்னால் நின்று, வீட்டில் ஒருவருக்கு எடுத்து, "இத்தனை மணி வரைக்கும் போன் வேலை செய்யாது, அதுக்குப் பிறகும் நாங்க எடுக்காட்டி இன்னாருக்கு எடுங்க" என்று சொல்ல வேண்டும். அந்த 'இன்னார்' மலையடிவாரத்துக் கடைக்காரராக இருந்தால் இன்னும் நல்லம். அவருடைய நம்பரை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எங்களில் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கோல்தான் அடுத்த பயணத்துக்கு அனுமதிச் சீட்டு. பொடியன்மாருக்கு அப்படி ஒரு சீட்டே தேவைப்படுவதில்லை, அதைப் பற்றி இன்னொரு கட்டுரையில் சண்டை பிடிப்போம்.

அடுத்து ரஜகல போகிறோம், வீட்டிலிருந்து கிட்டத்தான். மூன்று கம்பனி சிம்மும் பிரித்து எடுத்தாயிற்று. 31 தரம் எடுத்த உம்மாவிடம் மகள் ரெண்டு நம்பர் கொடுத்து, எது மலையில் எடுக்கும் என்று விளங்கப்படுத்தியிருக்கிறாள். நேற்று உம்மா நூறு ரூபா ரீலோட் போட்டு அனுப்பியிருக்கிறா, ரெண்டு நம்பருக்கும்.